குழு நடையில் வால் நீளாமல் இருக்க

மலையேறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எங்கள் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். முன்னால் போகிறவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பின்னால் வருகிறவர்களின் தலை தெரிந்ததும் எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் அது கிடைக்காது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இப்போது மெதுவாக நடப்பவர்தான் முன்னால். அவரை ஒட்டி, வழி தெரிந்தவர். கடைசியில் முதலுதவிப் பையோடு ஒருவர். அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. பாதை பிரியும் இடத்தில் அவர் வந்து சேரும்வரை ஒருவரும் நகர்வதில்லை. வேகக்காரர்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். கூடாரத்தையும் கயிற்றையும் அவர்கள் முதுகில் ஏற்றியதும் சத்தம் அடங்கியது.

நேரக் கணக்குக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன விதி: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 12 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய 4 மணி நேரம். ஓய்வு இதில் சேராது. குழுவாகப் போனால் நான் 6 என்றே வைத்துக்கொள்வேன்.

கடலில் கயாக் ஓட்டும்போதும் இதே வரிசைதான். ஆனால் குரல் காற்றோடு போய்விடும். அதனால் ஒவ்வொரு உயிர்காப்புச் சட்டையிலும் விசில் தொங்கும். மூன்று முறை ஊதினால் எல்லாப் படகும் அங்கே திரும்ப வேண்டும்.