வேர்வைக்கு உப்பு, பிபிக்கு இந்துப்பு: டெல்டாவில் நாம் செய்யும் தவறுகள்

குறுவை நடவு சமயத்தில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "வேர்வையில உப்பெல்லாம் போயிடுது, கொஞ்சம் கூடப் போட்டுக்க." நீராகாரத்தில் உப்பு, தொட்டுக்கொள்ள கருவாடோ நார்த்தங்காயோ. உடம்பு தன் உப்பைத் தானே காத்துக்கொள்ளும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, கொலஸ்ட்ராலிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைத் தயாரிக்கிறது. உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடும். அதன் வழியாக ஆல்டோஸ்டிரோன் கூடும். அது சிறுநீரில் போகவிருந்த சோடியத்தை இரத்தத்துக்குத் திருப்பிவிட்டு, பொட்டாசியத்தை வெளியேற்றும். வேர்வையிலும் உப்பை மிச்சம் பிடிக்கும். வெயிலுக்குப் பழகியவர் வேர்வையில் உப்பு குறைவாக இருப்பது அதனால்தான்.

நாள் முழுக்க வேர்வை கொட்டினால் உப்புப் போட்ட மோர் நல்லதுதான். வேலை இல்லாத நாளிலும் அதே கை உப்பைத் தொடர்வதுதான் தவறு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு.

பிபி வந்ததும் சிலர் இந்துப்புக்கு மாறுகிறார்கள். வேதாரண்யம் உப்பைப் போல அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

எனக்கு அதிகக் கவலை தருவது சோடியம் குறைத்த பாக்கெட் உப்பு. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிபி மாத்திரைகள் ஆல்டோஸ்டிரோனைக் குறைக்கும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை அதன் வேலையையே தடுக்கும். அப்போது பொட்டாசியம் வெளியேறுவது குறையும். சிறுநீரகமும் பழுதாகியிருந்தால் இந்த உப்பும், "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று தினமும் குடிக்கிற இளநீரும் சேர்ந்து பொட்டாசியத்தை ஏற்றிவிடும். அது முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கலாம். டாக்டரைக் கேட்காமல் வீட்டு உப்பை மாற்றாதீர்கள், தயவுசெய்து.

தொண்டைக்கு அதிமதுரத்தை நாள்கணக்கில் மெல்வதும் வேண்டாம். அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள், கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனை ஆல்டோஸ்டிரோன் போல வேலை செய்ய வைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கிவிடும்.

அப்புறம், மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்காதவரிடம் "வாயைக் கட்டுறதில்ல" என்று சண்டை போடாதீர்கள். அட்ரீனல் சுரப்பியே ஆல்டோஸ்டிரோனை அதிகமாகச் சுரக்கலாம். அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-இல் விவரித்த நோய் இது. பொட்டாசியம் சரியாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் இரத்தத்தில் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் அந்த முடிவை மாற்றும் என்பதால், எதை எப்போது நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும்.