டிசி லைனுக்கு ஏசி கணக்கு போடாதீங்க

போன வாரம் புதுசாகச் சேர்ந்த இரண்டு பசங்க ஒரு கணக்கோடு வந்து நின்றார்கள். கடலோரத்தில் 500 கிலோவோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்; திசை மாறி மாறி ஓடுவது ஏசி) நிலையம், மின்சாரம் தரைக்கு இறங்காமல் தடுக்கும் இன்சுலேட்டருக்கு 15.5 மீட்டர் கிரீபேஜ், அதாவது மேற்பரப்பு நீளம். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே எண்ணை நானும் போட்டேன். தப்பு. டிசி விஷயத்தில் செய்யும் நாலு தப்புகளில் இதுவும் ஒன்று; நாலையும் சொல்கிறேன்.

தூரம் பார்க்காமல் டிசி என்பது

மேல்நிலை லைன் என்றால் 600, 800 கி.மீ. தாண்டினால்தான் கட்டுப்படியாகும். சத்தீஸ்கரிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் ராய்கர்–புகழூர் டிசி லைன் 1,700 கி.மீ.க்கு மேல், 6,000 மெகாவாட். அங்கே சரி. நெய்வேலியிலிருந்து மணலிக்கு எதுக்கு?

31 மில்லிமீட்டர்

இன்சுலேட்டரின் மடிப்புகளில் நூலை ஒட்டி அளந்தால் வரும் நீளம்தான் கிரீபேஜ். மாசு மிக அதிகமான இடத்துக்குப் பழைய ஏசி கணக்கு கிலோவோல்ட்டுக்கு 31 மி.மீ. பசங்க பெருக்கியதில் தப்பில்லை. ஆனால் அந்த 31, ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் (ஏசி லைனின் மூன்று கம்பிகளில் இரண்டுக்கு நடுவே) உள்ள வோல்டேஜுக்கானது. 400 கிலோவோல்ட் ஏசி லைனில் இன்சுலேட்டர் தரைக்கு எதிராகத் தாங்குவது 231தான். டிசியில் 500 என்றால் முழுசாக 500. 400க்கும் 231க்கும் உள்ள விகிதமான 1.732ஆல் அந்த 15.5ஐப் பெருக்கினால் 26.85 மீட்டர் வரும், அதுவும் ஆரம்பம்தான்.

ஏன் ஆரம்பம்? டிசி புலம் திசை மாறாது, தூசியை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியைச் சாயங்காலம் தொட்டால், உப்புக்காற்றில் ஊறிய சாம்பல் விரலில் பிசுபிசுக்கும். மார்கழிப் பனியில் இன்சுலேட்டர் உஸ்ஸென்று சீறும், நீலப்பொறி ஓடும். ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைய வாய்ப்புண்டு. டிசியில் அந்தப் பூஜ்யமே கிடையாது.

என் எண் ஸ்பெக்கில் ஏறி, ஆர்டராகி, சரக்கும் வந்திறங்கிய பிறகுதான் ஒரு பெரியவர் பெட்டியைப் பார்த்துக் கேட்டார்: “லைன் டு லைனா, லைன் டு எர்த்தா தம்பி?” இன்சுலேட்டரின் உயரம் மாறியது. கூடவே ஸ்டாண்டும் அஸ்திவாரமும் மாறின. ஆறு மாதம் போச்சு.

2008ல் மின்துறைக்கான உலகத் தர அமைப்பான ஐஇசி, தரைக்கு எதிரான வோல்டேஜை வைத்து கிலோவோல்ட்டுக்கு 53.7 மி.மீ. என்றே எழுதிவிட்டது. இன்னும் பழைய அட்டவணையை ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

“அப்ப 26.85 போதுமா சார்?” என்றான் ஒருவன். முதலில் அந்த இடத்தில் நாலு இன்சுலேட்டரைத் தொங்கவிட்டு, படிகிற உப்பை அளந்துகொண்டு வரச் சொன்னேன்.

டிசியில் இழப்பே இல்லை என்பது

ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றும் கன்வர்ட்டர் ஸ்டேஷனுக்குள் கால் வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். அந்தச் சூடுதான் இழப்பு.

மண்வழியிலேயே ஓட்டிக்கொண்டிருப்பது

திரும்பும் மின்னோட்டத்தைக் கம்பிக்குப் பதில் மண் வழியாக விடுவது அவசரத்துக்கு மட்டும். பக்கத்தில் புதைத்த பைப்லைன் அரித்துப் போகும்.