லாரி பாரம்: எடைமேடை ஏறும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

மேலூர் பக்கம் கல் உடைக்கும் ஒரு கிரஷர். விடியற்காலை ஐந்து மணி, இரவெல்லாம் மழை. டாரஸ் டிப்பர் லாரியில் எம்-சாண்ட், அதாவது கல்லை நொறுக்கிச் செய்யும் மணல், விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கொத்து விழும்போதும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை கொஞ்சம் இறங்கியது. ஐந்தாவது யூனிட் முடிந்தபோது டயரின் அடி பிதுங்கி நின்றது, தொட்டி மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "எத்தனை டன் தம்பி இருக்கும்?" என்று டிரைவரைக் கேட்டேன். "அஞ்சு யூனிட்டுண்ணே" என்றார்.

நான் கேட்டது டன், அவர் சொன்னது யூனிட். மதுரையில் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் வேலையில் நான் பார்த்தவரை, ஓவர்லோடு வழக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. யூனிட் என்பது 100 கன அடி. அது கொள்ளளவு, எடை அல்ல. காய்ந்த எம்-சாண்ட் ஒரு யூனிட் சுமார் நாலரை டன் வரும். மழையில் ஊறினால் பத்து சதவீதம் கூடுவது சாதாரணம். தொட்டிக்கு மேலே பலகை வைத்துக் கட்டியிருந்தால் அந்த ஒரு முழ உயரத்திலேயே இன்னொரு யூனிட் ஏறிவிடும். கிரானைட் கல்லோ இதற்கு நேரெதிர். ஒரு கன மீட்டரே ஏறக்குறைய 2.7 டன் என்பதால், வண்டியில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை முடிந்துபோயிருக்கும்.

அடுத்து, "இது பதினெட்டு டன் வண்டி" என்ற பேச்சு. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சி புக்கில் இருக்கும் மொத்த எடை என்பது வண்டி, தொட்டி, டீசல், ஸ்டெப்னி, தார்ப்பாய், கேபினில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்ந்தது. மொத்த எடை 28.5 டன் என்று எழுதியிருக்கும் டாரஸின் காலி எடை பத்தரை டன் என்றால், ஏற்றக்கூடியது 18 டன்தான். காய்ந்த மணலில் நாலு யூனிட். அன்று காலை ஐந்து யூனிட், அதுவும் ஈரத்தோடு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஆறேமுக்கால் டன் அதிகம். முக்கால் யூனிட்டா, ஒரு யூனிட்டா என்று பேசிக் குறைத்துக்கொள்கிற அளவு இல்லை அது.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு (சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில்) எடை வரம்பை உயர்த்தியது. அதனால் மொத்த எடை வரம்பு இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னிலிருந்து 18.5, மூன்று அச்சுக்கு 25-லிருந்து 28.5, ஐந்து அச்சுக்கு 37-லிருந்து 43.5. "அரசாங்கமே கூட்டிக் கொடுத்துவிட்டது" என்று சொல்லி, பழைய வண்டியிலும் இஷ்டத்துக்கு ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு உங்கள் ஆர்சியில் பதிந்திருக்கும் எடையைத்தான் பார்க்கிறது. அதில் பழைய எண் இருந்தால் உங்களுக்கு அந்த எண்தான் வரம்பு. பட்டை கூடுதலாகப் போட்டேன், டயர் மாற்றினேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. தொட்டியை மாற்றிக் கட்டியிருந்தால் காலி எடையே மாறியிருக்கும். காலி வண்டியை மறுபடி எடை போடாமல் பழைய எடைச் சீட்டை வைத்தே வருஷக்கணக்கில் கழித்துக்கொண்டிருப்பதும் தவறுதான்.

மொத்த எடை சரியாக இருந்தாலும் ஒரு அச்சில் மட்டும் கூடிப்போகலாம். நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 11.5 டன், பின்னால் இரட்டை அச்சுக்கு 21 டன் என்பது வரம்பு. லோடுமேன்கள் இறக்க வசதியாக எல்லாவற்றையும் பின்கதவுப் பக்கமே அடுக்கிவிட்டால் பின்னச்சு அதைத் தாண்டும். முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடிப்பும் குறையும். சாலைக்கு ஆகும் சேதம் எடை கூடுகிற அதே விகிதத்தில் கூடுவதில்லை, ஏறக்குறைய நாலாம் அடுக்கில், அதாவது அந்த விகிதத்தை நாலு தடவை வைத்துப் பெருக்கிய அளவில், கூடுகிறது. ஒரு அச்சில் இருபது சதவீதம் அதிகமென்றால் சேதம் இரண்டு மடங்கு. குவாரிக்குப் போகும் ஊர்ச்சாலை போட்ட கொஞ்ச நாளிலேயே ஏன் குழியாகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அந்தக் குழியில் விழுவது அந்த ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிள்.

ஒரு அச்சை மேலே தூக்கிவைக்க வசதியுள்ள லிஃப்ட் ஆக்ஸில் வண்டியில், டயர் தேயக்கூடாது என்று லோடோடு அச்சைத் தூக்கிவைத்து ஓட்டுவதும் இதே கதைதான். மற்ற அச்சுகள் அந்தப் பாரத்தையும் சுமக்கின்றன. தேனி ரோட்டில் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் இப்படி இறங்கினால் பிரேக் டிரம் சூடேறிக் கருகிய வாடை கேபினுக்குள் வரும். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்த டிரைவர் மறுபடி அச்சைத் தூக்கமாட்டார்.

இப்போது அபராதம். இதில்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். 2019 செப்டம்பரிலிருந்து 194-ஆவது பிரிவின்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. ஆறு டன் கூடினால் 32,000. சரி, கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரக்கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அபராதம் கட்டியதால் கூடுதல் பாரம் சட்டப்படி சரியாகிவிடாது என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இறக்கும் கூலியும் உங்களுடையது, இறக்கிய சரக்குக்குப் பொறுப்பும் உங்களுடையது. நடுராத்திரி நாலுவழிச் சாலையோரம் ஆறு டன் மணலைக் கொட்டிவிட்டு அதற்குக் காவலுக்கு ஒரு ஆளை எங்கே தேடுவீர்கள்?

எடை போடக் கூப்பிட்டால் நிற்காமல் போவதற்கு 40,000 ரூபாய். அதிகாரி உங்களை எதிர்த்திசையில் நெடுந்தூரம் அலைக்கழிக்கவும் முடியாது. போகும் வழியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் எடைமேடைக்குத்தான் அனுப்பலாம். இது தெரியாமல் பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. வைக்கோல், தென்னை மட்டை லோடுகளில் எடை குறைவுதானே என்று பக்கவாட்டில் பிதுங்க ஏற்றினால் அதற்கும் தனியாக 20,000.

டிரைவர் மாட்டிக்கொண்டால் அவர் பாடு என்று முதலாளிகள் இருப்பது எனக்குப் பொறுக்காத விஷயம். ஓட்ட அனுமதித்தவருக்கும் அதே தண்டனை என்றுதான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது, உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. ஆனால் லைசென்ஸ் போவது டிரைவருக்குத்தான். ஓவர்லோடு பிடிபட்டால் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மூன்று மாதம் வண்டி ஓட்டாமல் ஒரு டிரைவர் வீட்டில் என்ன சமைப்பார்கள்?

அன்று காலை அந்தத் தம்பியோடு நானும் கேபினில் ஏறி, கிரஷருக்கு அடுத்திருந்த எடைமேடைக்குப் போனேன். எல்லாச் சக்கரமும் மேடைக்குள் ஏறிவிட்டதா என்று பார்க்கச் சொன்னேன், ஒரு டயர் வெளியே இருந்தால்கூடச் சீட்டில் வருவது பொய் எடை. ஆண்டுக்கு ஒருமுறை வைக்கவேண்டிய சட்டமுறை எடையளவு முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்தோம். இருந்தது. சீட்டு வந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பி கிரஷருக்கே ஓட்டினார். ஒன்றரை யூனிட்டை இறக்க இருபது நிமிஷம் ஆனது. இரண்டாவது சீட்டை ஆர்சி புக்கின் நெகிழி உறைக்குள் செருகிக்கொண்டு, ஏழு மணிக்கு ஒத்தக்கடை வழியாக ஊருக்குள் போனார்.