ஈரான் புரட்சியைப் படிப்பு வட்டத்தில் எடுத்துரைப்பது எப்படி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கூடும் ஒரு படிப்பு வட்டத்தில் 1979ஆம் ஆண்டின் ஈரான் புரட்சியைப் பற்றி உரையாற்ற முன்வருபவர், முதலில் ஒரு தாளை இரண்டாக மடித்து, மன்னராட்சி ஏன் வீழ்ந்தது என்ற கேள்வியை ஒரு பக்கத்திலும், அவ்விடத்துக்கு மார்க்க அறிஞர்களின் ஆட்சி எப்படி வந்தது என்ற கேள்வியை மறுபக்கத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் இப்புரட்சி விளங்காது என்பது என் உறுதியான எண்ணம்.

முதற்பக்கத்தை, எண்ணெயைத் தேசியமயமாக்கிய பிரதமர் மொசாதிக் அமெரிக்க, பிரித்தானிய உளவு அமைப்புகளின் துணையோடு கவிழ்க்கப்பட்ட 1953இலிருந்து தொடங்குங்கள். 1978 ஜனவரியில் கும் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் நாற்பதாம் நாள் தப்ரீஸில் கலகமாக வெடித்தது. தப்ரீஸில் இறந்தவர்களின் நாற்பதாம் நாள் யஸ்தில் மீண்டும் மக்களைத் தெருவுக்கு அழைத்தது. முப்பத்தோராம் நாள் கிரியையும் நாற்பதாம் நாள் கத்தமும் அறிந்த நம்மவருக்கு, துக்கத்தின் நாட்கணக்கே போராட்டத்தின் நாட்காட்டியானதை விளக்க அதிக நேரம் தேவைப்படாது. எண்ணெய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லி, 1979 ஜனவரி 16இல் மன்னர் ஷா நாட்டைவிட்டு வெளியேறியதோடு இப்பக்கத்தை முடிக்கலாம்.

நேரத்தின் பெரும்பகுதியை மறுபக்கத்துக்கே ஒதுக்குங்கள். தெருவில் இறங்கியவர்களில் இடதுசாரிகள், தாராளவாதிகள், கடைத்தெரு வணிகர்கள், மாணவர்கள், பெண்கள் எல்லோரும் இருந்தனர். ஆனால் 1975 முதல் ஒரே கட்சியை மட்டும் ஷா அனுமதித்திருந்தமையால், நாடெங்கும் மக்களைத் திரட்டக்கூடிய வலைப்பின்னலாகப் பள்ளிவாசல்களே எஞ்சியிருந்தன. நாடுகடத்தப்பட்டிருந்த மதத்தலைவர் கொமெய்னியின் உரைகள் ஒலிநாடாக்களில் அவற்றின் வழியே பரவின. ஷா வெளியேறிய பின், 1979 மார்ச் 8இல் பெண்கள் கட்டாய முக்காட்டை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். அம்மாத இறுதியில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு, இஸ்லாமியக் குடியரசு வேண்டுமா, வேண்டாமா என்று மட்டுமே கேட்டது. ஜூனில் வெளியான அரசியலமைப்பு வரைவில் மார்க்க அறிஞரின் தலைமை இடம்பெறவில்லை. மதகுருமார் பெரும்பான்மையாக அமர்ந்த நிபுணர் சபையே அதனைச் சேர்த்தது. நவம்பர் 4இல் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட, புரட்சிக்குப் பின்னரான இடைக்கால அரசின் பிரதமர் பசர்கான் இருநாளில் பதவி விலகினார். டிசம்பரில் அந்த அரசியலமைப்பு நிறைவேறியது. ஒவ்வொரு திகதியிலும் நிறுத்தி, அன்றைக்கு வேறு வழி திறந்திருந்ததா என்று கேட்போரிடமே கேளுங்கள்.

தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அவ்வாண்டின் நாளிதழ்களைப் பார்க்க முடிந்தால், முடிவு தெரியாத நிலையில் அச்செய்திகள் இங்கு எப்படி எழுதப்பட்டன என்பதை வாசித்துக் காட்டுங்கள். காலிமுகத்திடலின் 2022 மக்கள் போராட்டத்தை யாரேனும் ஒப்பிடுவர். அதனை உரைக்குப் பின்னரான கலந்துரையாடலுக்கு வையுங்கள். மதகுருமார் அனைவரும் ஒரே கருத்தினர் என்ற தொனி மட்டும் வரக்கூடாது. மூத்த மதகுருவான அயத்துல்லா ஷரியத்மதாரி, மார்க்க அறிஞரின் ஆட்சி என்ற கோட்பாட்டை எதிர்த்து, 1982இல் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார் என்பதற்கு உங்கள் உரையில் இடமளியுங்கள்.