பனிச்சரிவில் கூட வந்தவர் புதைந்தால்: குல்மார்க் போகிறவர்களுக்கான மீட்பு வழிமுறை

காஷ்மீரின் குல்மார்க்கில் கோண்டோலா என்னும் கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால், அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் இறங்குவீர்கள். கேபிளை ஒட்டிய பெரிய கிண்ணச் சரிவை மட்டும் அங்குள்ள ஸ்கீ ரோந்துக் குழு கவனித்துக்கொள்கிறது. தேவைப்பட்டால் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே சரித்துவிடுகிறது. எல்லையைத் தாண்டி இருபுறமும் கிடக்கும் சரிவுகளில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. யாரும் மிதிக்காத பனி கிடைப்பது அங்கேதான், வழிகாட்டிகள் கூட்டிப்போவதும் அங்கேதான். 2010 பிப்ரவரியில் கிலன்மர்க் பகுதியில் பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் அபர்வத்தின் ஹபத்குத் பக்கம் போலந்து நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் இருவர் இறந்தார்கள்.

சுவிட்சர்லாந்தில் நாற்பது ஆண்டு விபத்துகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2024-ல் வந்தது. பனிக்குள் முழுக்கப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 10 முதல் 30 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் பிழைத்தது பத்தில் மூன்று பேர்தான். அந்த நேரத்துக்குள் ரோந்துக் குழுவோ ஹெலிகாப்டரோ வந்து சேராது. பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான் மீட்புக் குழு. வழிகாட்டியே புதைந்துபோகலாம் என்பதால், “அவருக்குத் தெரியும்” என்று விட்டுவிடவும் முடியாது.

ஆளுக்கு மூன்று சாதனம் வேண்டும்: பீக்கன், புரோப், ஷவல். பீக்கன் என்பது 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பவும் வாங்கவும் செய்யும் சிறு பெட்டி. எந்த நிறுவனத்தின் பீக்கனும் மற்றதோடு பேசும். ஆனால் மூன்று ஆண்டெனா உள்ள டிஜிட்டல் வகையாகப் பாருங்கள். புரோப் என்பது மடித்து வைக்கும் நீண்ட குச்சி, 240 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பனி அள்ளும் ஷவலின் தகடு உலோகமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். ஓடிவந்து நின்ற பனிக் குவியல் சில நிமிடங்களில் சிமென்ட் போல இறுகிவிடும். பிளாஸ்டிக் தகடு அதில் வளையும் அல்லது உடையும். வாடகைக்கு எடுப்பதானால் கடையிலேயே மூன்றையும் விரித்துப் பாருங்கள். புரோப்பை இழுத்துப் பூட்டும் கயிறு இற்றுப்போயிருப்பது அடிக்கடி காணும் குறை.

பீக்கனுக்கு உற்பத்தியாளர் சொல்லும் பேட்டரியை மட்டும் போடுங்கள். பெரும்பாலும் அது ஆல்கலைன். ரீசார்ஜ் பேட்டரியின் மின்னழுத்தம் கடைசிவரை நன்றாக இருப்பதுபோல் காட்டிவிட்டுத் திடீரென்று விழும், திரையில் தெரியும் சதவீதத்தை நம்ப முடியாது. பீக்கன் முதுகுப்பையில் இருக்கக் கூடாது, பை பிய்ந்து போய்விடும். வெளிச் சட்டைக்கு உள்ளே அதற்குரிய வாரில், திரை உடம்பைப் பார்த்தபடி கட்டுங்கள். செல்போன், வாக்கிடாக்கி, சூடேற்றும் கையுறை எல்லாம் சமிக்ஞையைக் குழப்பும். அனுப்பும் நிலையில் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும்.

காலையில் கிளம்பும் முன் ஒரு சோதனை. ஒருவர் தன் பீக்கனைக் குழுச் சோதனை நிலையில் (பக்கத்தில் உள்ள சமிக்ஞையை மட்டும் வாங்கும் நிலை) வைத்து நிற்க, மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடக்க வேண்டும். பிறகு நின்றவர் அனுப்பும் நிலைக்கு மாறுவார். அதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். விட்டால், அன்று முழுவதும் முன்னால் போகிறவர் சமிக்ஞை இல்லாமல் போவார்.

சரிவைத் தேர்ந்தெடுப்பது தனிப் படிப்பு. இங்கே அடிப்படை மட்டும்: பலகையாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் கிளம்புகின்றன. பெரும்பனி கொட்டிய முதல் இரண்டு நாள் மிக மோசம். காற்று பனியை வாரிக்கொண்டுபோய்க் கொட்டும் மறைவுப் பக்கம் எப்போதும் சந்தேகத்துக்குரியது. காலடியில் “வூம்ப்” என்று பனி அமர்ந்தாலோ, விரிசல் ஓடினாலோ திரும்பிவிடுங்கள். ரோந்துக் குழுவின் அன்றைய அறிக்கையைப் படியுங்கள். சரிவை ஒருவர் பின் ஒருவராக, முந்தையவர் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகே கடக்க வேண்டும்.

பனி பெயர்ந்தால் கத்துங்கள். அகப்பட்டவர் மேல் வைத்த கண்ணை எடுக்காதீர்கள். கடைசியாக அவர் தெரிந்த இடத்தை ஒரு பாறையோடோ மரத்தோடோ சேர்த்து மனதில் பதியுங்கள். தேட வேண்டியது அதற்குக் கீழேதான். எத்தனை பேர் குறைகிறார்கள் என்று எண்ணுங்கள். இன்னொரு பனிச்சரிவு வருமா என்று மேலே பாருங்கள். ஒருவர் தலைமை எடுக்கட்டும், இன்னொருவர் 112-ஐயும் ரோந்துக் குழுவையும் அழைக்கட்டும். நீங்கள் தனியாள், சிக்னலும் இல்லை என்றால் உதவி தேடிக் கீழே ஓடாதீர்கள்; தேடத் தொடங்குங்கள்.

அடுத்து, எல்லாரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்து அனுப்பிக்கொண்டிருந்தாலும் அவரையே சுற்றிச் சுற்றி வருவீர்கள். நிமிடங்கள் வீணாவதற்கு இதுதான் பெரிய காரணம்.

முதல் கட்டத்தில் சமிக்ஞை கிடைக்கும்வரை 40 மீட்டர் அகலப் பட்டைகளாகக் குவியலை அளந்து, வேகமாக நடங்கள். கண்ணும் வேலை செய்யட்டும்: வெளியே தெரியும் கையுறையை, கம்பை இழுத்துப் பாருங்கள், அடியில் ஆள் இருக்கலாம். சமிக்ஞை வந்ததும் பீக்கன் திரையில் அம்பு காட்டும் வழியே போங்கள். காந்தப் புலம் வளைந்து வருவதால் பாதையும் வளையும், நேர்கோட்டை எதிர்பார்க்காதீர்கள். திரையில் தெரியும் எண் ஏறத்தாழ எத்தனை மீட்டர் தூரம் என்பதைச் சொல்லும்; அது ஏறிக்கொண்டே போனால் எதிர்த்திசையில் போகிறீர்கள், திரும்புங்கள்.

எண் 10-க்கு வந்ததும் நடை மெதுவாகட்டும். 3-க்கு வந்ததும் மண்டியிட்டு, பீக்கனைப் பனியைத் தொடும்படி தாழ்த்துங்கள். இனி அம்பு தேவையில்லை, பீக்கனைத் திருப்பவும் கூடாது. வந்த திசையிலேயே மெதுவாக நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைக் கண்டு, அங்கிருந்து குறுக்கே இரு பக்கமும் நகர்த்துங்கள். இரண்டு கோட்டிலும் எண் மிகக் குறைவாக உள்ள இடமே போதும். 1.1-ஐ 1.0 ஆக்கப் போராட வேண்டாம். பீக்கனைவிட புரோப் துல்லியமானது.

புரோப்பை நேர்செங்குத்தாக அல்ல, சரிவின் பரப்புக்குச் செங்கோணத்தில் குத்துங்கள். முதல் குத்து அந்தப் புள்ளியில். பிறகு அதைச் சுற்றி 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாக விரியுங்கள். தரை டக்கென்று கடினமாகத் தட்டும், மனித உடல் சற்று மெத்தென்று கொடுக்கும். பட்டதும் புரோப்பை உருவாதீர்கள், அதுதான் அடையாளம். அதில் உள்ள அளவுகோடு ஆழத்தைச் சொல்லும்.

நேரம் அதிகம் போவது தோண்டுவதில்தான், மக்கள் குறைவாகப் பழகுவதும் அதைத்தான். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை நகர்த்த வேண்டியிருக்கும். புரோப்புக்கு நேர் மேலே நின்று கிணறு தோண்டினால், முகத்தருகே இருக்கும் கொஞ்சம் காற்றிடத்தையும் மிதித்து மூடிவிடுவீர்கள். அள்ளிய பனியும் திரும்பக் குழிக்குள்ளேயே விழும். ஆழத்தின் ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து புரோப்பை நோக்கிப் பக்கவாட்டில் தோண்டுங்கள். முன்னால் ஒருவர் கட்டி கட்டியாக வெட்டட்டும். பின்னால் V வடிவில் நிற்பவர்கள் துடுப்புப் போடுவதுபோல் பனியைக் கீழே தள்ளட்டும். தூக்கி எறிந்தால் சீக்கிரம் களைத்துப்போவீர்கள். முன்னால் இருப்பவர் களைக்கும் முன்பே இடம் மாறுங்கள்.

ஆள் தெரிந்ததும் முதல் வேலை முகம். வாயிலும் மூக்கிலும் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள், பிறகு மார்பை விடுவியுங்கள்; கால்கள் அப்புறம். மூச்சு இல்லை என்றால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், பிறகு மார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு. பனிச்சரிவில் பெரும்பாலும் இதயம் நிற்பது மூச்சுத் திணறலால் என்பதால் காற்றுக்கே முன்னுரிமை. மூச்சு இருந்தால் கிடைமட்டமாக, ஆட்டாமல் நகர்த்துங்கள். குளிர்ந்த உடலைப் புரட்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அடியில் பாய், மேலே எல்லாருடைய ஜாக்கெட்டும். மீட்கப்பட்டவரின் பீக்கனை அணைக்க மறக்காதீர்கள், இன்னொருவரைத் தேடும்போது அது குழப்பும்.

இதையெல்லாம் பழகப் பனி வேண்டியதில்லை. சென்னையில் ஒரு விளையாட்டுத் திடல் போதும். அனுப்பும் நிலையில் ஒரு பீக்கனைப் பைக்குள் போட்டு யாராவது சருகுக்கடியில் ஒளித்து வைக்கட்டும், நீங்கள் 50 மீட்டர் தள்ளியிருந்து கடிகாரத்தோடு கிளம்புங்கள். நான்கு நிமிடத்துக்குள் பையைத் தொடும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, கூட இருப்பவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது அதையே செய்து பாருங்கள்.