நுரையீரல் நாடிகளைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்சிசன் குறைந்தால் குருதிக்கலன்கள் விரியும் என்று உயர்தர மாணவர்கள் எழுதும் விடை தசைக்கும் மூளைக்கும் சரி, நுரையீரலுக்குப் பிழை. நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகளான சிற்றறைகளில் ஒட்சிசன் குறையும்போது அவற்றுக்குச் செல்லும் சிறு நாடிகள் சுருங்கி, காற்று நன்றாக வந்துபோகும் பகுதிக்குக் குருதியைத் திருப்பிவிடுகின்றன என்பதை 1946 இல் சுவீடன் உடலியலாளர்களான வொன் ஒய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் பூனைகளில் காட்டினர். தேயிலைக் கொழுந்து இல்லாத மலையிலிருந்து ஆட்களை எடுத்து, கொழுந்து நிறைந்த மலைக்கு அனுப்பும் கங்காணியின் வேலை இது.

நுவரெலியாவில் மூச்சிரைத்தால் உயரத்தின் மேல் பழிபோடுவதும் தவறுதான். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் காற்றில் ஒட்சிசனின் பங்கு 21 வீதமே, குறைவது அமுக்கம். சுகதேகியின் நுரையீரல் நாடிகள் பெரிதாகச் சுருங்க அந்தக் குறைவு போதாது. ஆகவே தொடரும் இளைப்புக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது வாட்டில் நடக்கும் தவறு. லயத்துக் குசினியில் பல வருடம் விறகுப் புகையைச் சுவாசித்து நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஆளான தாய்க்கு, மகன் அன்பு மிகுதியால் ஒட்சிசன் குழாயைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறார். மிகுந்த ஒட்சிசன், சுருங்கியிருந்த நாடிகளைத் தளர்த்தி, காற்றோட்டம் குறைந்த பகுதிகளுக்கும் குருதியைப் பாயவிடுகிறது. சிவப்பணுக்களும் தாம் சுமந்த காபனீரொட்சைட்டை விட்டுவிடுகின்றன. காபனீரொட்சைட்டு ஏறுவதற்கு மூச்சு விடும் உந்துதல் குறைவதை மட்டும் காரணமாகச் சொல்வது பழைய, அரைகுறையான விளக்கம். காபனீரொட்சைட்டு குருதியில் ஏறி, அந்தத் தாய் தூங்குவதுபோல மயங்கத் தொடங்குவார். நிம்மதியாக உறங்குகிறார் என்று வீட்டார் எண்ணிவிடுவதைக் கண்டிருக்கிறேன். இத்தகையவர்களுக்கு குருதியின் ஒட்சிசன் அளவைக் காட்டும் விரல் மானி 88 முதல் 92 வீதம் காட்டினால் போதும். தாதியைக் கேளாமல் குமிழைத் தொடக்கூடாது. அதற்காக ஒட்சிசனை அடியோடு நிறுத்துவதும் ஆபத்தே.

குளிர்கால இரவில் காம்பராவின் கதவைச் சாத்திக் கரிச்சட்டி வைப்பவர்கள் அந்த மானியை நம்பவே கூடாது. கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைச் சுமக்கும் செங்குருதி நிறப்பொருளைப் பற்றிக்கொண்டாலும் மானி அதை ஒட்சிசனாகவே எண்ணி நல்ல இலக்கத்தைக் காட்டும். சிற்றறைக் காற்றில் ஒட்சிசன் பெரிதும் குறையாததால் நாடிகளின் இந்த ஒழுங்கும் துணைக்கு வராது. தலையிடியும் குமட்டலும் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து, வைத்தியசாலைக்குப் போனதும் கரிச்சட்டி வைத்திருந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த நச்சுப் பாதிப்பில் 88 முதல் 92 என்ற எல்லை செல்லாது, முழு அளவு ஒட்சிசனே மருந்து.