டெர்மினலில் பாதி தட்டச்சை மிச்சப்படுத்தும் விசைகள்

லினக்ஸ் பழக வருபவர்கள், கட்டளைகளை எழுத்தில் அடித்து இயக்கும் ஜன்னலான டெர்மினலைக் கண்டு ஒதுங்குவது கட்டளைகள் கடினம் என்பதால் அல்ல. நீளமான வரியை ஓர் எழுத்தும் பிசகாமல் அடிக்க வேண்டுமே என்ற பயம்தான். அந்தப் பயமே வேண்டாம். யார் கற்க வந்தாலும் கட்டளைகளுக்கு முன்னால் இந்த விசைகளைத்தான் நான் சொல்லித்தருகிறேன்.

உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டெர்மினல் திறக்கும். அங்கே நீங்கள் அடிப்பதை வாங்கிச் செய்வது பாஷ் என்ற நிரல். குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-ல் வெளிவந்தது. கீழே உள்ளவற்றுக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

படி 1: டேப் விசை

ஒரு ஃபோல்டருக்குள் போகச் சொல்லும் கட்டளை சி, டி. அதைச் சின்ன எழுத்தில் அடித்து ஓர் இடைவெளி விடுங்கள். அப்புறம் பெரிய டி, சின்ன ஓ. இப்போது டேப் விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. காரணம் இருக்கிறது: டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டு ஃபோல்டருக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான். எது வேண்டும் என்று பாஷுக்குத் தெரியவில்லை. டேப்பை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டுங்கள், இரண்டு பெயரும் கீழே வரும். டபிள்யூ என்ற ஒரே எழுத்தைச் சேர்த்து மறுபடி டேப். டவுன்லோட்ஸ் முழுதாக நிரம்பிவிடும்.

டேப் தட்டச்சை மட்டும் குறைப்பதில்லை, சரிபார்த்தும் தருகிறது. பெயர் நிரம்பவில்லை என்றால் எழுத்து தப்பு, அல்லது நீங்கள் வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்கள். என்டர் தட்டும் முன்பே தெரிந்துவிடும்.

தமிழில் பெயர் வைத்த கோப்பா? விசைப்பலகையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கோப்பு மேலாளரிலிருந்து அதை இழுத்து வந்து டெர்மினல் ஜன்னலில் விட்டால், முழுப் பாதையும் மேற்கோள் குறியோடு வரியில் விழும். கொம்பும் காலும் இடம் மாறித் தெரியலாம். கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

படி 2: பழைய கட்டளையைத் தேடி எடுப்பது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்கள் அடித்த கட்டளைகளை பாஷ் சேமித்து வைக்கிறது. உபுண்டுவில் அமைப்பை மாற்றாமல் விட்டால் 1000 வரி நினைவிலும், 2000 வரி கோப்பிலும் நிற்கும். மேல் அம்புக்குறியால் ஒவ்வொன்றாகப் பின்னால் போகலாம். ஆனால் போன வாரம் அடித்ததை எத்தனை தட்டில் பிடிப்பது?

கன்ட்ரோல்-ஆர் அழுத்துங்கள். வரியின் தொடக்கம் மாறித் தேடல் குறி தெரியும். உதாரணமாக, படங்களை வெளி டிஸ்க்குக்குப் படியெடுக்க நான் ஆர்சிங்க் கட்டளையை அடித்திருக்கிறேன். இரண்டு பாதையும் நாலைந்து விருப்பக்குறியுமாக ஒரு முழம் நீளம். தேடலில் ஆர், எஸ், ஒய் என்று மூன்று எழுத்து போட்டதுமே அந்த வரி முழுதாக வந்து நிற்கும். அதற்கும் பழையது வேண்டுமானால் கன்ட்ரோல்-ஆரையே திரும்பத் திரும்ப அழுத்துங்கள்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வரி வந்ததும் என்டர் தட்டாதீர்கள். தட்டினால் அப்போதே ஓடிவிடும். வலது அம்புக்குறியை அழுத்தினால் வரி உங்கள் கைக்கு வரும். படித்துப் பாருங்கள், பாதையை மாற்ற வேண்டுமானால் மாற்றுங்கள், பிறகு என்டர். வேண்டாம் என்றால் கன்ட்ரோல்-ஜி.

வரியில் கடவுச்சொல் எதையாவது எழுத நேர்ந்தால் முதலில் ஓர் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். உபுண்டுவின் அமைப்பில் அப்படித் தொடங்கும் வரி பாஷ் சேமிக்கும் பட்டியலில் சேராது.

படி 3: வரிக்குள் திருத்துவது

கன்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்கும், கன்ட்ரோல்-ஈ கடைசிக்கும் கொண்டுபோகும். கன்ட்ரோல்-டபிள்யூ கர்சருக்கு இடப்பக்கம் உள்ள ஒரு சொல்லை அழிக்கும்.

அனுமதி இல்லை என்று ஒரு கட்டளை மறுக்கப்பட்டால், மேல் அம்புக்குறி, கன்ட்ரோல்-ஏ, சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் sudo), இடைவெளி, என்டர். இதையே சூடோவுக்குப் பின், முந்தைய வரியைக் குறிக்கும் !! போட்டும் செய்யலாம். ஆனால் எந்த வரி நிர்வாகி அதிகாரத்தோடு ஓடப்போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஓட்டுவதே நல்லது. அதனால் புதியவர்களுக்கு முதல் வழியைத்தான் சொல்வேன்.

கன்ட்ரோல்-யு, கர்சருக்கு இடப்பக்கம் உள்ள அத்தனையையும் வெட்டும். வெட்டியது எங்கும் போகாது, கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் திரும்பி வரும். பாதி வரி அடித்த பிறகு வேறொன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறதா? வெட்டுங்கள், பார்த்துவிட்டு வாருங்கள், மீண்டும் ஒட்டுங்கள். சூடோ கடவுச்சொல் கேட்கும்போது நடுவில் தப்பாக அடித்துவிட்டீர்கள் என்றாலும் கன்ட்ரோல்-யு அழுத்தி முதலிலிருந்து தொடங்கலாம்.

படி 4: ஆல்ட்டும் புள்ளியும்

எம், கே, டி, ஐ, ஆர் என்ற ஐந்து எழுத்துக் கட்டளையால் புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்குகிறீர்கள். அடுத்து அதற்குள் போக வேண்டும். சி, டி, இடைவெளி அடித்து ஆல்ட்டோடு புள்ளியை அழுத்துங்கள். முந்தைய வரியின் கடைசிச் சொல்லான ஃபோல்டர் பெயர் தானாக வந்து உட்காரும்.

திரை உறைந்துவிட்டால்

சேமிக்கும் பழக்கத்தில் கை கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிடும். டெர்மினலில் அதற்கு அர்த்தம் வேறு. திரை அப்படியே நின்றுவிடும், எதை அடித்தாலும் தெரியாது. முதல் முறை எனக்கு இது நடந்தபோது ஜன்னலையே மூடிவிட்டேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த படியெடுப்பு பாதியில் நின்றுபோனது. கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. தொலைவிலிருந்து வரும் செய்தியைத் தாளில் தட்டச்சிடும் டெலிடைப் இயந்திரங்களின் காலத்தில் தகவல் ஓட்டத்தைச் சற்று நிறுத்தி வைக்கச் சொன்ன குறி அது. தொடரச் சொல்லும் குறி கன்ட்ரோல்-கியூ. அதை ஒரு முறை அழுத்துங்கள், நின்ற இடத்திலிருந்து எல்லாம் ஓடும்.